ஜேசான்ல இருந்து டைப்ஸ்கிரிப்ட் டைப் தானா எடுக்கறது: ஒரு சாம்பிள் போதுமா?

மோர்மிளகாய் கேட்டது:

வணக்கம் மக்களே. ரியாக்ட், டைப்ஸ்கிரிப்ட்ல (டைப் சேத்த ஜாவாஸ்கிரிப்ட்) ஒரு ஆர்டர் டாஷ்போர்டு பண்ணிட்டு இருக்கேன். பேக்கெண்டு வேற டீம், பிஹெச்பி. டாக்குமெண்ட் குடுங்கன்னு கேட்டா ஒரு வேர்டு ஃபைல் அனுப்பினாங்க, அதுல இருக்கற ஃபீல்டு பாதி இப்ப ரெஸ்பான்ஸ்ல வர்றதில்ல, ரெஸ்பான்ஸ்ல வர்றது பாதி அந்த ஃபைல்ல இல்ல. மொத்தம் 40 சொச்சம் எண்ட்பாயிண்ட் (சர்வர் கிட்ட டேட்டா கேக்கற யூஆர்எல்), ஆர்டர் ஒண்ணுக்கே 60 ஃபீல்டு கிட்ட வரும், உள்ள கஸ்டமர், அதுக்குள்ள முகவரி, அப்புறம் ஐட்டம் லிஸ்ட், அதுக்குள்ள வரின்னு வெங்காயம் மாதிரி உரிக்க உரிக்க வந்துட்டே இருக்கு.

மொத நாலு எண்ட்பாயிண்டுக்கு கையாலயே இன்டர்ஃபேஸ் (டேட்டாவோட வடிவத்தைச் சொல்ற டைப்) அடிச்சேன், ஒரு நாள் முழுக்க போச்சு. அஞ்சாவதுக்கு வந்தப்ப இது மனுஷன் பண்ற வேலை இல்லன்னு தோணுச்சு, ஜேசானை (சர்வர் டேட்டா அனுப்பற டெக்ஸ்ட் வடிவம்) ஒட்டினா டைப் குடுக்கற ஒரு தளத்துல ஒட்டி எடுத்துட்டேன். அரை மணி நேரத்துல 40-ம் முடிஞ்சுது. அன்னிக்கு பெரிய ஆளாட்டம் டீ குடிக்கப் போனேன்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ரொடக்ஷன்ல ஒரு ஆர்டரைத் திறந்தா வெறும் வெள்ளை ஸ்க்ரீன். கன்சோல்ல பாத்தா அன்டிஃபைன்ட்ல ப்ராப்பர்ட்டி படிக்கப் பாக்கறேன்னு எரர். கடையில வந்து வாங்கிட்டுப் போற ஆர்டர் போல, டெலிவரி முகவரியே கிடையாது. ஆனா அந்த ஃபீல்டு நல் (null, மதிப்பு எதுவும் இல்ல) ஆவும் வரல, இல்லாமலும் போகல, காலி அர்ரேயா [] வந்திருக்கு! நான் முகவரி இருக்கான்னு இஃப் போட்டுத்தான் வச்சிருந்தேன், காலி அர்ரேயும் ட்ரூ தானே, உள்ள போயிடுச்சு, ஊர்ப் பேரை பெரிய எழுத்தாக்கற லைன்ல செத்துப் போச்சு.

இன்னொண்ணு, தள்ளுபடி ஃபீல்டு நான் ஒட்டின சாம்பிள்ல நல், அதனால அதோட டைப்பே வெறும் நல்னு வந்துருச்சு. நம்பர் போட்டு கணக்கு பண்ணப் போனா டைப்ஸ்கிரிப்ட் திட்டுது, வேற வழி தெரியாம எனி (any, எது வேணா வரலாம்ங்கற டைப்) போட்டுட்டேன். ஆக எதுல தப்பில்லையோ அதுல திட்டுது, எதுல தப்போ அதுல வாயே திறக்கல. இது ஏன்? தானா டைப் எடுக்கறதுக்கு உருப்படியான வழி இருக்கா, இல்ல கையால அடிக்கறதுதான் கதியா?


ரெண்டாம்ஷிஃப்ட்:

பேக்கெண்டு டீம் கிட்ட ஸ்வாக்கர் ஃபைல் வாங்குங்க, அதாவது எந்த ஃபீல்டு எந்த வகையில வரும்னு எழுதி வைக்கற ஏபிஐ விவர ஃபைல். அது இல்லாம பண்றதெல்லாம் குறி சொல்றதுதான்.


மோர்மிளகாய்:

கேட்டாச்சு ப்ரோ. அடுத்த ஸ்பிரிண்ட்ல பாக்கலாம்னாங்க. மூணு ஸ்பிரிண்டா அதே பதில்.


பழையகஞ்சி:

கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல டைப்ஸ்கிரிப்ட் ஏன் வாய திறக்கலன்னா, அது ஓடற நேரத்துல அங்க இருக்கறதே இல்ல. கம்பைல் ஆகறப்பவே டைப் எல்லாம் அழிஞ்சுடும், ப்ரௌசருக்குப் போறது வெறும் ஜாவாஸ்கிரிப்ட். அதோட ஃபெட்ச்ல வர்ற ரெஸ்பான்ஸோட ஜேசான் மெத்தட் திருப்பித் தர்றது எனி, அதை நீங்க ஆர்டர்னு ஒரு வேரியபிள்ல போட்டா சரிங்க ஆர்டர்தான்னு தலையாட்டிடும். சர்வர் அனுப்பினதை யாரும் பிரிச்சுப் பாக்கல, மேல ஒட்டின லேபிளை மட்டும் நம்பி உள்ள விட்டாச்சு. லேபிள் ஒட்டினது நீங்க.

ரெண்டாவது, ஜேசான்ல மொத்தமே ஸ்ட்ரிங், நம்பர், பூலியன், நல், ஆப்ஜெக்ட், அர்ரே அவ்வளவுதான். தேதின்னு ஒரு வகை கிடையாது, முழு எண் தசம எண்னு பிரிவு கிடையாது. அந்தத் தளமோ டூலோ பாக்கறது நீங்க ஒட்டின ஒரே ஒரு சாம்பிளை. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றது சோத்துக்கு சரி, ஆர்டருக்கு சரி வராது, இங்க ஒவ்வொரு பருக்கையும் வேற வேற அரிசி.

நீங்களே சோதிச்சுப் பாக்கற மாதிரி ஒண்ணு சொல்றேன். கிட்ஹப்ல ஆக்டோகேட்னு அவங்களோட மாஸ்காட் பேர்ல ஒரு அக்கவுண்ட் இருக்கு, எல்லா டாக்குமெண்ட்லயும் உதாரணத்துக்கு அதைத்தான் காட்டுவாங்க. அதோட யூசர் ரெஸ்பான்ஸை எடுத்து ஒட்டிப் பாருங்க. அந்த அக்கவுண்டுக்கு பயோ எழுதி வைக்கல, நல்னு வரும், உடனே டூல் பயோங்கறது எப்பவுமே நல்னு முடிவு கட்டிடும். ஆனா கிட்ஹப் தன்னோட ரெஸ்ட் ஏபிஐக்கு ஓப்பன்ஏபிஐ (ஸ்வாக்கரோட இப்போதைய பேர்) விவரத்தை ஃபைலாவே பொதுவுல வச்சிருக்கு, அதுல பாத்தா பயோ ஸ்ட்ரிங்காவும் இருக்கலாம், நல் ஆவும் இருக்கலாம்னு இருக்கும். உங்க தள்ளுபடி கதை இதேதான்.

அதே கிட்ஹப்ல இஷ்யூ லிஸ்ட் இன்னும் மோசம். புல் ரெக்வெஸ்டையும் அவங்க இஷ்யூவாத்தான் அனுப்புவாங்க, அது புல் ரெக்வெஸ்ட்னா மட்டும் ஒரு கீ கூடுதலா வரும், இல்லனா அந்த கீயே இருக்காது. உங்க சாம்பிள்ல ஒரு புல் ரெக்வெஸ்ட் கூட மாட்டலன்னா அப்படி ஒரு ஃபீல்டு உலகத்துல இருக்கறதே உங்க டைப்புக்குத் தெரியாது. மைல்ஸ்டோன் அப்படி இல்ல, கீ எப்பவும் வரும், உள்ள நல் இருக்கும். கீயே வராம இருக்கறதும் கீ வந்து உள்ள நல் இருக்கறதும் வேற வேற. படிக்கும்போது ஒண்ணும் தெரியாது, பேட்ச் (இருக்கறதுல ஒரு பகுதியை மட்டும் மாத்தற ரெக்வெஸ்ட்) அனுப்பும்போதுதான் கடிக்கும், நல் அனுப்பினா இருந்ததை அழிச்சுடும், அனுப்பாம விட்டா தொடாது, பல ஏபிஐ அப்படித்தான்.

அதனால சாம்பிள் வச்சுத்தான் பண்ணியாகணும்னா நிறைய சாம்பிள் குடுங்க. குவிக்டைப்னு ஒரு டூல், கமாண்டு லைன்ல உங்க மெஷின்லயே ஓடும், எண்ட்பாயிண்டுக்கு ஒரு ஃபோல்டர் போட்டு உள்ள சாம்பிளை ஃபைல் ஃபைலா கொட்டுங்க, எல்லாத்தையும் சேத்துப் பாத்து ஒரே டைப்பா குடுக்கும். சிலதுல வந்து சிலதுல வராத ஃபீல்டை ஆப்ஷனலாக்கும், நல்லும் நம்பரும் கலந்து வந்தா யூனியன் (ரெண்டுல எதுவும் வரலாம்ங்கற டைப்) ஆக்கும். பின்கோடு 641001, 641002னு கீயாவே வர்ற ஆப்ஜெக்டு இருந்தா சாதா டூல் 641001ன்னே ஒரு ப்ராப்பர்ட்டி பண்ணி வைக்கும், சிரிப்பா வரும், இது மார்க்கோவ் செயின் வச்சு இந்தப் பேரெல்லாம் மனுஷன் வச்ச ஃபீல்டு பேரா இல்ல டேட்டாவான்னு கணிச்சு மேப் (எந்தக் கீயும் வரலாம்ங்கற டைப்) ஆக்கப் பாக்கும். டைப்ஸ்கிரிப்ட்டுக்கு வெறும் டைப் மட்டும் போதும்னு சொல்லலன்னா ஓடும்போது சரிபாக்கற கோடும் சேத்தே எழுதிக் குடுக்கும்.

ஒரே ஒரு இடத்துல மட்டும் இதை நம்பாதீங்க, ஈனம் (enum, பட்டியல்ல இருக்கற வார்த்தை மட்டும்தான் வரலாம்ங்கற டைப்). ஸ்டேட்டஸ் ஃபீல்டுல அதே நாலு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தா இந்த நாலுதான் உலகம்னு ஈனம் ஆக்கிடும். உங்க சாம்பிள்ல ரிட்டர்ன் ஆன ஆர்டர் இல்லனா அஞ்சாவது வார்த்தை வர்ற அன்னிக்கு சரிபாக்கற கோடே எரர் அடிக்கும். அதை அணைக்க ஆப்ஷன் இருக்கு, அணைச்சுடுங்க, ஸ்ட்ரிங்காவே இருந்துட்டுப் போகட்டும்.


கோவை ஃப்ளட்டர்:

பழையகஞ்சி அண்ணன் சொன்னது எங்க பக்கம் இன்னும் கொடுமைங்க. டைப்ஸ்கிரிப்ட்ல 250ம் நம்பர், 249.50ம் நம்பர், தப்பிச்சுக்கறீங்க. டார்ட்ல (ஃப்ளட்டர் ஆப் எழுதற லேங்குவேஜ்) 250 வந்தா அது இன்ட் (முழு எண்), 249.50 வந்தா டபுள் (தசம எண்). விலைய டபுள்னு கேஸ்ட் பண்ணி வச்சிருந்தேனுங்க, டெஸ்ட்ல எல்லாப் பொருளும் பைசாவோட இருந்துச்சு, ஜம்முனு ஓடுச்சு. ரிலீஸ் பண்ணிப்போட்டு ஊட்டுக்கு வந்தா போன் மேல போன், எவனோ ரவுண்டா 250 ரூவாய்க்கு ஒரு பொருளை ஏத்தியிருக்கான், ஆப் படுத்துக்கிச்சு. இன்ட்டை டபுளா எடுத்துக்க முடியாதுன்னு எரர்.

நம் (num, ரெண்டுக்கும் பொதுவான டைப்) னு எடுத்து டபுளா மாத்திக்கோணும், ஜேசான் சீரியலைசபிள் பேக்கேஜ் போட்டா டபுள் ஃபீல்டுக்கு அதுவே அந்த மாதிரி எழுதிருமுங்க, கையால எழுதினாத்தான் இந்த வம்பு. கோ லேங்குவேஜ்ல பண்ற நம்ம சிநேகிதன் ஒருத்தனுக்கு இதே கதை தலைகீழா நடந்துச்சு, சாம்பிள்ல 5 இருந்ததால இன்ட்னு ஸ்ட்ரக்ட் வந்திருக்கு, அப்புறமா 5.5 வந்து அன்மார்ஷல் எரர்.


செமிகோலன்:

நான் இங்க கொஞ்சம் முரண்படறேன். 200 சாம்பிள் குடுத்தாலும் 201ஆவது வேற மாதிரி வரும், அப்ப டைப் தானா எடுத்து என்ன பிரயோஜனம்? ஸாட் (Zod, ஓடும்போது டேட்டா சரியான்னு பாக்கற லைப்ரரி) போட்டு ஸ்கீமா எழுதுங்க, அதுல இருந்தே டைப்பை எடுத்துக்கலாம், ரெண்டு தடவை எழுத வேண்டியதில்ல, முக்கியமா ரெஸ்பான்ஸ் வந்த உடனே வாசல்லயே நிறுத்தி செக் பண்ணிடலாம். எனி வேண்டாம், அன்நோன் (unknown, சரிபாக்காம தொட விடாத டைப்) னு வாங்குங்க, ஸாட்ல குடுங்க, தேறினா உள்ள.


பழையகஞ்சி:

செமிகோலன், 40 எண்ட்பாயிண்ட், 60 ஃபீல்டு. அந்த ஸ்கீமாவை கையால யாரு எழுதறது, நீங்க வந்து எழுதித் தர்றீங்களா?


செமிகோலன்:

ஹாஹா, அது நியாயம்தான். மொதல் வரைவை டூல்ல எடுத்துட்டு அப்புறம் கையால திருத்துங்கன்னு சொல்லியிருக்கணும். நான் பண்ற விதம் இதுதான்: பணம், ஸ்டேட்டஸ், முகவரி மாதிரி உடைஞ்சா அடி விழற இடத்துக்கு மட்டும் கறாரா ஸ்கீமா, மத்ததுக்கு லூசா விட்டுருவேன். அப்புறம் தேறலன்னா எக்ஸெப்ஷன் வீசற பார்ஸ் போடாம சேஃப்பார்ஸ் போடுங்க, தப்பு எந்த ஃபீல்டுல எந்த வழியிலன்னு லாக்ல எழுதிட்டு, முடிஞ்சா ஸ்க்ரீனைக் காட்டுங்க. ஒரு ஃபீல்டு சரியில்லன்னு மொத்தப் பக்கத்தையும் வெள்ளையாக்கினா உங்க வெள்ளிக்கிழமைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்.

ஒரு பொறி சொல்லிடறேன், நான் மாட்டினது. ஸ்கீமால இல்லாத ஃபீல்டை ஸாட் சத்தமில்லாம கழட்டிட்டுத்தான் குடுக்கும், அது அதோட இயல்பு. ஆர்டரை வாங்கி, ஒரு ஃபீல்டை மாத்தி, அப்படியே முழு ஆப்ஜெக்டையும் திருப்பி சேவ் பண்ற ஸ்க்ரீன்ல இதைப் போட்டேன், நான் ஸ்கீமால எழுத மறந்த குறிப்பு ஃபீல்டு எல்லா ஆர்டர்லயும் காலியாகிடுச்சு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.


டாலர்வேரியபிள்:

பிஹெச்பி காரன் வந்துட்டேன், எல்லாரும் ஓரமா நில்லுங்க :) அந்தக் காலி [] எங்க ஊர் சரக்கு, விளக்கிடறேன்.

பிஹெச்பில லிஸ்டும் கீ வச்ச மேப்பும் ஒரே அர்ரேதான். ஜேசான் ஆக்கும்போது கீ எல்லாம் 0, 1, 2ன்னு வரிசையா இருந்தா லிஸ்ட், இல்லனா ஆப்ஜெக்டுன்னு முடிவு பண்ணும். காலியா இருந்தா? ரெண்டுமே ஒண்ணுதான், லிஸ்ட்னு வச்சுக்கும். அதனாலதான் முகவரி இருக்கும்போது {}, இல்லாதப்ப []. அவங்க பக்கம் ஒரு வரி வேலை, காலியா இருந்தா நல் அனுப்பணும், இல்ல ஆப்ஜெக்டா கேஸ்ட் பண்ணி அனுப்பணும். ஸ்வாக்கர் கேக்காதீங்க, இந்த ஒரு வரியக் கேளுங்க, குடுத்துருவாங்க.

இதோட அண்ணன் ஒருத்தன் இருக்கான், அவனையும் தேடிப் பாருங்க. ஐட்டம் லிஸ்ட்ல ஸ்டாக் இல்லாததை அர்ரே ஃபில்டர் போட்டு எடுத்திருந்தா நடுவுல ஒரு கீ காணாமப் போகும், 0, 2, 3ன்னு நிக்கும், வரிசை போச்சு, உடனே லிஸ்ட் ஆப்ஜெக்டா மாறிடும்! லிஸ்ட்டை மேப் ஃபங்ஷன் போட்டு ஓட்டற உங்க ரியாக்ட் கோடு அங்க செத்துரும். கடைசி ஐட்டத்தை எடுத்தா வரிசை கெடாது, முதல்லயோ நடுவுலயோ இருக்கற ஐட்டத்தை எடுத்தாத்தான் கெடும், அதனால டெஸ்ட்ல மாட்டவே மாட்டான். அர்ரே வேல்யூஸ் போட்டுட்டு அனுப்பணும்.

அப்புறம் எண்ணிக்கை ஒரு நாள் "12"ன்னு ஸ்ட்ரிங்கா வந்து இன்னொரு நாள் 12ன்னு நம்பரா வருதான்னு பாருங்க. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸோட பிடிஓ (பிஹெச்பியோட டேட்டாபேஸ் இணைப்பு) வழியா பேசும்போது, எமுலேட்டட் ப்ரிப்பேர்ல முன்னாடி எல்லாத்தையும் ஸ்ட்ரிங்காத்தான் குடுக்கும், பிஹெச்பி 8.1ல இருந்து முழு எண்ணை முழு எண்ணாவே குடுக்குது. சர்வர்ல வெர்ஷன் ஏத்தினா கோடு ஒரு எழுத்து மாறாம உங்க டைப் மாறிடும். டெசிமல் காலம் (column) மட்டும் இன்னமும் ஸ்ட்ரிங்தான், அது சரியும் கூட, பைசா கணக்கு.


ரெண்டாம்ஷிஃப்ட்:

யாரும் சொல்லலயே, ப்ரொடக்ஷன் ஆர்டரை முன்பின் தெரியாத ஒரு தளத்துல ஒட்டினீங்களே, அதுல கஸ்டமர் போன் நம்பர், வீட்டு முகவரி, ஒருவேளை டோக்கன் கூட இருந்திருக்கும். இனிமே உங்க மெஷின்ல ஓடற டூல் மட்டும். சாம்பிள் ஃபோல்டரை கிட்ல கமிட் பண்ற முன்னாடி பேரும் நம்பரும் மாத்திடுங்க.


மோர்மிளகாய்:

போன் நம்பர் விஷயம் படிச்சதும் பகீர்னு ஆயிடுச்சு, அந்தக் கோணத்துல யோசிக்கவே இல்ல.

பண்ணினது சொல்றேன். ஸ்டேஜிங்ல (சோதனை சர்வர்) நெட்வொர்க் டேப்ல வர்றதை எல்லாம் மூணு நாள் சேத்து, ஆர்டருக்கு மட்டும் 180 சாம்பிள், வேணும்னே கேன்சல், ரிட்டர்ன், கடையில வாங்கினது, பாதி பணம் கட்டினதுன்னு தேடித் தேடி எடுத்தேன். பேரு, நம்பர் மாத்தி குவிக்டைப்ல விட்டா தள்ளுபடி மூணு விதமா வருது, நல், நம்பர், ஸ்ட்ரிங். டாலர்வேரியபிள் அண்ணன் சொன்ன ஐட்டம் லிஸ்ட் ஆப்ஜெக்டா மாறினது ரெண்டு ஆர்டர்ல இருந்துச்சு, கண்ணால பாத்தேன், 0, 2ன்னு கீ. பேக்கெண்டு பையன் கிட்ட அந்த ரெண்டு ஆர்டர் நம்பரோட போய் நின்னேன், அன்னிக்கு சாயங்காலமே சரி பண்ணிட்டான். ஸ்வாக்கர்னு கேட்டப்ப முறைச்சவன் இதுக்கு தேங்க்ஸ் சொன்னான்! முகவரிக்கும் இப்ப நல் வருது. நான் ஸாட்ல பணம், முகவரி, ஐட்டம் மட்டும் கறாரா வச்சிருக்கேன்.

ஆனா புதுசா ஒண்ணு. கூரியர் ஐடி 19 இலக்கம். என் டாஷ்போர்டுல எல்லா ஐடியும் கடைசியில 00ன்னு முடியுது, கூரியர் தளத்துல போட்டா அப்படி ஒரு பார்சலே இல்லங்குது. டைப் நம்பர்னு சரியாத்தான் இருக்கு, சாம்பிள் ஃபைல்லயும் 00தான் இருக்கு. சர்வர்தான் தப்பா அனுப்புதா?


பழையகஞ்சி:

சர்வர் மேல பழி போடாதீங்க. ஜாவாஸ்கிரிப்ட் நம்பர் 9007199254740991 வரைக்கும்தான் முழு எண்ணைப் பிசகாம வச்சுக்கும், அது ரெண்டின் 53ஆம் அடுக்குல ஒண்ணு குறைவு. கன்சோல்ல 9007199254740993ன்னு அடிச்சுப் பாருங்க, 992ன்னு திருப்பிச் சொல்லும். 19 இலக்கம்னா பார்ஸ் பண்ற நொடியிலயே வால் போச்சு, டைப்பு, ஸாட் எல்லாம் அதுக்கு அப்புறம்தான் வருது, அதுக்குத் தெரிய வழியே இல்ல. சாம்பிளை நெட்வொர்க் டேப்ல ப்ரிவ்யூல இருந்து எடுத்தீங்களா? அது பார்ஸ் பண்ணிக் காட்டறது, அங்கயே 00 ஆயிருக்கும். பக்கத்துல ரெஸ்பான்ஸ் டேப்ல பாருங்க, இல்ல கர்ல்ல (curl, கமாண்டு லைன்ல ரெக்வெஸ்ட் அனுப்பற டூல்) எடுங்க, முழு நம்பர் அப்படியே இருக்கும்.

ட்விட்டர் 2010ல ஸ்னோஃப்ளேக்னு பெரிய எண் ஐடிக்கு மாறினப்ப இதே பிரச்சினைதான், அதனாலதான் ஐடிய நம்பரா ஒரு தடவை, ஸ்ட்ரிங்கா ஒரு தடவைன்னு ரெண்டு ஃபீல்டு அனுப்பினாங்க. உங்க பையனையும் ஸ்ட்ரிங்கா அனுப்பச் சொல்லுங்க, கூட்டிக் கழிக்கப் போறதில்ல, அது நம்பரா இருக்கணும்னு எந்த அவசியமும் கிடையாது. அதுவரைக்கும் ஜேசான்-பிக்இன்ட்னு ஒரு லைப்ரரி இருக்கு, ரெஸ்பான்ஸை டெக்ஸ்டா வாங்கி அதுல பார்ஸ் பண்ணுங்க, பெரிய எண்ணை ஸ்ட்ரிங்கா வச்சுக்கச் சொல்லி ஆப்ஷன் இருக்கு. ஆனா அப்படிப் பண்ணினா சின்ன ஐடி நம்பராவும் பெரிய ஐடி ஸ்ட்ரிங்காவும் வரும், ஸாட்ல ரெண்டையும் வாங்கி ஸ்ட்ரிங்கா மாத்திடுங்க.


மோர்மிளகாய்:

ப்ரிவ்யூல இருந்துதான் எடுத்தேன் அண்ணே, 180ம். ரெஸ்பான்ஸ் டேப்ல முழு நம்பர் இருக்கு. சாம்பிள் எல்லாம் மறுபடி எடுக்கணும், இந்த தடவை கர்ல்ல ஒரு ஸ்கிரிப்ட் போட்டுட்டேன், இப்ப ஓடிட்டு இருக்கு, 62 வந்திருக்கு.